அறுந்து வந்த புழுவின் மீதி உள்ளே இருக்கிறதா?

முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்பகுதிக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடியவற்றைத் தவிர்த்துவிட்டு அவருடைய கடிதத்தின் சாரத்தைத் தருகிறோம்.

கணவருக்கு 42 வயது. வயலும் மாடுகளும்தான் தொழில். கோடையில் மாடுகளைக் காட்டுப்பக்கம் சாய்த்துக்கொண்டு போனால் நாலைந்து நாள் பட்டியிலேயே தங்கிவிடுவார். ஒன்றரை வருடமாக இடது தொடையின் மேற்பகுதியில் சுண்டங்காய் அளவில் ஒரு கட்டி இருந்தது. ஒரு மாதம் ஓரிடத்தில் இருக்கும், அடுத்த மாதம் இரண்டு விரல் தள்ளித் தெரியும். இடைக்கிடை கடித்து வீங்கும். சீழ்க்கட்டி என்று இரண்டு தடவை மருந்து கொடுத்தார்கள். நாட்டுவைத்தியரிடம் பச்சிலைப் பத்தும் போட்டார்கள். கடைசியில் வைத்தியசாலையில் விறைப்பூசி போட்டுக் கட்டியை வெட்டியபோது, உள்ளேயிருந்து வெள்ளை றிபன் போல ஒரு புழு வந்தது. இழுக்கும்போதே அறுந்துவிட்டது. ஆய்வுகூட அறிக்கையில் ‘ஸ்பார்கனம்’ என்றும், ‘வெட்டுமுகத்தில் தலைப்பகுதி காணப்படவில்லை’ என்றும் இருக்கிறது. நாலு மாதம் கழித்து இப்போது தழும்புக்கு மேலே புதிதாக ஒரு தடிப்பு. கனடாவில் இருக்கும் மருமகன் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, ‘மூளைக்குப் போகும் புழு, உடனே 28 நாள் அல்பெண்டசோல் எடுக்கச் சொல்லுங்கோ’ என்று அனுப்பியிருக்கிறார். வீட்டில் தட்டு, கோப்பை எல்லாம் வேறாக்கியாகிவிட்டது. நாயைக் கொல்லும்படி அயலவர் சொல்கிறார்கள். காட்டுப்பன்றி இறைச்சி சாப்பிட்டதால் வந்ததா, பிள்ளைகளுக்கும் வருமா, புழுவை அறுத்த வைத்தியர்மேல் முறைப்பாடு செய்யலாமா என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

அறிக்கையின் படத்தையும் சேர்த்து அனுப்பியது நல்லதாயிற்று. உங்கள் கேள்விகளில் அவசரமானது தழும்புக்கு மேலே தெரியும் அந்தத் தடிப்பு ஒன்றுதான். தட்டும் கோப்பையும் நாயும் உங்களைத் தேவையில்லாமல் அலைக்கழிக்கின்றன. பயத்தை எங்கே வைப்பது, எங்கே விடுவது என்று தெரிவதற்கு இந்தப் புழுவின் போக்கைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஸ்பார்கனம் என்பது ஸ்பைரோமெட்ரா என்ற நாடாப்புழுவின் குடம்பி, அதாவது முழுதாக வளராத பருவம். வளர்ந்த புழு நாய், பூனை, காட்டுப்பூனை போன்றவற்றின் குடலில் இருக்கும். அவற்றின் மலத்தோடு வெளிவரும் முட்டை, மழையில் அடித்துக்கொண்டு குளத்துக்கோ மடுவுக்கோ போய்ச் சேர்ந்து, தண்ணீரில்தான் பொரிக்கிறது. அதை சைக்கிளொப்ஸ் என்ற நீர்த்தெள்ளு விழுங்குகிறது. அது ஒரு மில்லிமீற்றர் அளவான உயிர். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் துள்ளும் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். நீர்த்தெள்ளைத் தவளையோ வாற்பேத்தையோ தின்ன, தவளையைப் பாம்பு தின்ன, குடம்பி அவற்றின் தசைக்குள் நாடாவாக வளர்ந்து காத்திருக்கும். நாயோ பூனையோ அவற்றைத் தின்றால் வட்டம் முடிந்துவிடும்.

இந்த வட்டத்தில் மனிதனுக்கு இடமில்லை. நீர்த்தெள்ளு உள்ள தண்ணீரைக் குடித்தாலோ, குடம்பி உள்ள இறைச்சியைப் பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ தின்றாலோ, குடம்பி நம் குடற்சுவரைத் துளைத்து வெளியேறித் தோலுக்கடியில் அலைகிறது. வளர்ந்த புழுவாவதில்லை, முட்டையும் இடுவதில்லை. பல வருடம், சிலரில் இருபது வருடம்கூட, அப்படியே கிடக்கும். 1882இல் சீனாவின் அமோய் துறைமுகத்தில் பற்றிக் மான்சன் ஒரு பிரேத பரிசோதனையில் இதை முதலில் கண்டு விவரித்தார். அதன் பிறகு ஆசியாவின் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள் என்றாலும் இன்றைக்கும் அரிதான நோய்தான்.

ஒரு சந்தேகத்தையும் தீர்த்துவிட வேண்டும். இலங்கையில் தோலுக்கடியில் நகரும் கட்டியை வெட்டிப் புழு வந்தால், அது பெரும்பாலும் டைரோபிலாரியா என்ற வேறொரு புழுவாகத்தான் இருக்கும். நாயிலிருந்து நுளம்பு கொண்டுவருவது அது. ஆனால் அது தையல்நூல் போல உருண்டையாக இருக்கும். நுணுக்குக்காட்டியில் அதற்குக் குடல் தெரியும். உங்கள் கணவரில் வந்தது தட்டையான, சுருக்கம் விழுந்த வெள்ளை நாடா. அறிக்கையும் உள்ளே குழியோ குடலோ இல்லாத உடல், அதில் சுண்ணாம்புத் துகள்கள் என்றுதான் விவரிக்கிறது. ஆகவே ஸ்பார்கனம் என்ற முடிவு பொருந்துகிறது.

‘தலை காணப்படவில்லை’ என்றால் என்ன?

இந்த வரிதான் உங்களை நித்திரை கொள்ள விடாமல் செய்திருக்கிறது. அது சொல்வது நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. ஆய்வுகூடத்தில் புழுத் துண்டை மெழுகில் பதித்து, அதிலிருந்து மயிரிழையிலும் மெல்லிய சீவல்களை எடுத்துக் கண்ணாடியில் வைத்துப் பார்ப்பார்கள். அந்தச் சீவல் உடலின் நடுப்பகுதி வழியாகப் போயிருந்தால் தலை தெரியாது. இந்தப் புழுவின் தலையில் கொக்கியோ உறிஞ்சியோ இல்லை, ஒரு சிறு பள்ளம் மட்டுமே. அதனால் தலை வந்திருந்தாலும் கண்ணில் படாமல் போகலாம். தலை உள்ளே நின்றுவிட்டது என்று அந்த வரி சொல்லவில்லை. பார்த்த சீவலில் இல்லை என்று மட்டுமே சொல்கிறது.

அதற்காக அதை அலட்சியம் செய்யவும் முடியாது. தலையில்லாத உடல் துண்டு மிஞ்சினால் பெரும்பாலும் அது காலப்போக்கில் செத்து, சுற்றித் தழும்பு கட்டிவிடும். தலையுள்ள துண்டு மிஞ்சினால் மறுபடி வளரும், நகரும். நாலு மாதத்தில், அதே பக்கத்தில், இரண்டு விரல் மேலே ஒரு தடிப்பு என்றால் மூன்றில் ஒன்றாக இருக்கலாம்: மிஞ்சிய துண்டு வளர்கிறது, அல்லது ஆரம்பத்திலேயே இரண்டாவது புழு ஒன்று இருந்தது, அல்லது புழுவே இல்லை, உள்தையலைச் சுற்றிய தடிப்போ செத்த துண்டைச் சுற்றிய அழற்சியோ. கையால் தொட்டுப் பார்த்து இவற்றைப் பிரிக்க முடியாது.

மெழுகில் பதித்த துண்டை ஆய்வுகூடங்கள் உடனே எறிவதில்லை. அறிக்கை இலக்கத்தைக் கொடுத்து, மேலும் ஆழமாகச் சீவிப் பார்க்கும்படி உங்கள் சத்திரசிகிச்சை நிபுணர் கேட்கலாம். சந்தேகம் தீராவிட்டால் பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் ஒட்டுண்ணியியல் பிரிவுக்கோ, மருத்துவ பீடம் ஒன்றின் ஒட்டுண்ணியியலாளருக்கோ அனுப்பிக் கருத்துக் கேட்கவும் அவரால் முடியும்.

இனி என்ன செய்யலாம்

முதலாவது, தடிப்பில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். இதைத் தள்ளிப்போட வேண்டாம், இந்த மாதத்துக்குள் செய்யுங்கள். ஸ்கேன் எடுப்பவரிடம், ‘நாலு மாதத்துக்கு முன்னம் இதே தொடையில் நாடாப்புழுக் குடம்பி எடுத்தது’ என்று வாய்விட்டுச் சொல்லி அறிக்கையையும் காட்டுங்கள். சொல்லாவிட்டால் கொழுப்புக் கட்டி என்றோ நெறிக்கட்டி என்றோ எழுதிவிட இடமுண்டு. தெரிந்து தேடினால், வளைந்து போகும் கருமையான குழாய் போன்ற தடம் ஒன்று தெரியும். உயிருள்ள புழு அசைவதையே சிலவேளை திரையில் காணலாம்.

புழு இருப்பதாகத் தெரிந்தால் மறுபடி சத்திரசிகிச்சைதான் வழி. ஆனால் இம்முறை அது வேறு விதமாக நடக்க வேண்டும். கட்டி நகரக்கூடியது என்பதால், போன கிழமை ஸ்கேனில் கண்ட இடத்தை நம்பி இந்தக் கிழமை வெட்டக் கூடாது. வெட்டும் நாளிலேயே மறுபடி ஸ்கேன் செய்து தோலில் பேனாவால் குறிக்க வேண்டும். புழுவை நுனியில் பிடித்து இழுக்காமல், அதைச் சுற்றியுள்ள தடித்த தசைப்பகுதியோடு சேர்த்து எடுக்க வேண்டும். இழுத்தால் நீண்டு, மெலிந்து, அறுந்துவிடும். அதன் உடல்வாகு அப்படி. எடுத்ததில் ஒரு துண்டு போர்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்துக்குப் போகட்டும். இன்னொரு துண்டைப் போர்மலினில் போடாமல் 70 வீத அற்ககோலில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள், ஏனென்றால் போர்மலினில் ஊறிய புழுவில் மரபணுப் பரிசோதனை செய்வது கடினம்.

ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல், தடிப்பும் நகராமல் இருந்தால் காத்திருப்பது தவறல்ல. தடிப்பின் எல்லையை மாதம் ஒருமுறை பேனாவால் வரைந்து, பக்கத்தில் அடிமட்டம் வைத்துக் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். மூன்று மாதத்தில் இடமோ அளவோ மாறினால் அந்தப் படங்களே சான்று. பத்துப் போடுவதையும், விரலால் நசித்து இடம் பார்ப்பதையும் நிறுத்திவிடுங்கள். முன்பு போட்ட பச்சிலைப் பத்தால் இந்த நோய் வரவில்லை. வியட்நாம், தாய்லாந்துப் பக்கங்களில் பச்சைத் தவளைத் தசையைக் கண்ணிலும் புண்ணிலும் வைத்துக் கட்டும் வழக்கத்தால் இந்தப் புழு தொற்றியதுண்டு. பச்சிலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

குளிசை ஏன் கைகொடுக்காது

உங்கள் மருமகன் அக்கறையில்தான் சொல்லியிருக்கிறார், ஆனால் வேறு நோயின் மருந்தைச் சொல்லியிருக்கிறார். 28 நாள் அல்பெண்டசோல், பிறகு 14 நாள் இடைவெளி என்பது ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டி உண்டாக்கும் எக்கினோகொக்கஸ் என்ற இன்னொரு நாடாப்புழுக் குடம்பிக்கான முறை. ஸ்பார்கனத்தில் அல்பெண்டசோலும் சரி, பிராசிகுவாண்டெல் என்ற இன்னொரு புழு மருந்தும் சரி, நம்பத்தகுந்த பலன் தருவதில்லை. வெட்டி எடுக்க முடியாத இடத்தில் புழு இருந்தால் நிபுணர்கள் முயன்று பார்ப்பதுண்டு. தொடையில் தோலுக்கடியில் இருக்கும் புழுவுக்கு அது தேவையில்லை. மாதக்கணக்கில் அல்பெண்டசோல் எடுப்பவருக்கு இரண்டு கிழமைக்கு ஒருமுறை இரத்த அணுக்களும் ஈரலும் பரிசோதிக்கப்பட வேண்டும். பார்மசியில் வாங்கி வீட்டில் விழுங்கும் மருந்தல்ல அது. அளவை இங்கே எழுதாமல் விட்டதும் அதனால்தான்.

பிள்ளைகளுக்குப் பூச்சிக் குளிசை கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் கெடுதல் இல்லை. அது குடலில் உள்ள புழுக்களுக்கானது. கணவரின் மலத்தைச் சோதிப்பதிலும் பயனில்லை, குடலில் இல்லாத புழு மலத்தில் வராது.

காட்டுப்பன்றியையும் மூளையையும் இணைத்த செய்தி இன்னொரு குழப்பம். மூளையில் கட்டிகள் உண்டாக்குவதாக மருமகன் வாசித்தது பன்றி நாடாப்புழுவின் குடம்பியைப் பற்றியது. அதுகூடப் பன்றி இறைச்சி தின்பதால் நேரடியாக வருவதில்லை. அந்தப் புழுவைக் குடலில் வைத்திருக்கும் ஒரு மனிதரின் மலத்தில் உள்ள முட்டை, கைவழியாகவோ உணவுவழியாகவோ வாய்க்குள் போனால்தான் வரும். அந்த நோய் இருப்பது தெரியாமல் யாராவது பிராசிகுவாண்டெல் விழுங்கினால், மூளையில் உள்ள கட்டிகள் ஒரேயடியாகச் செத்து வீங்கி வலிப்பு வரக்கூடும். சும்மா ஒரு பாதுகாப்புக்கு எடுத்துப் பார்ப்போம் என்ற பேச்சுக்கு இடமில்லாதது இதனால்தான்.

ஸ்பார்கனம் மூளைக்குப் போவதே இல்லை என்று சொல்லமாட்டேன். மிக அரிதாகப் போகும், கண்ணுக்கும் போகும். வெயிலில் நின்றுவிட்டு வந்தால் தலையிடிக்கிறது, படுத்தெழும்பினால் விடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்காக மட்டும் மூளை ஸ்கேனுக்கு அலையத் தேவையில்லை. முதல்முறை வலிப்பு, ஒரு பக்கக் கையோ காலோ பலவீனப்படுதல் அல்லது மரத்துப்போதல், பேச்சுக் குழறுதல், நாளுக்கு நாள் கூடி வாந்தியோடு வரும் தலையிடி, கண்மடல் வீங்கிச் சிவந்து உள்ளே ஏதோ ஊர்வது போன்ற உணர்வு: இவற்றில் ஒன்று வந்தாலும் கிளினிக் திகதி பார்த்திருக்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். அப்போது ‘முன்பு ஸ்பார்கனம் எடுத்தது’ என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கள். மூளையில் இந்தப் புழுவைத் தேடுவதற்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பொருத்தமானது.

தட்டும் நாயும்

தட்டுகளை ஒன்றாக்குங்கள். ஒரே பாயில் படுக்கலாம், ஒரே கோப்பையில் தேநீர் குடிக்கலாம், கணவன் மனைவியாக வாழலாம். அவருடைய உடலிலிருந்து இன்னொருவருக்கு இந்தப் புழு போவதற்கு வழியே இல்லை. இந்த நாலு மாதமும் அவர் தன் வீட்டிலேயே தீண்டத்தகாதவர் போல இருந்திருக்கிறார். அந்தக் காயத்தை ஆற்ற வைத்தியர் தேவையில்லை, நீங்கள் போதும்.

நாயைக் கொல்வதிலும் பயனில்லை. நாயின் மலத்தில் உள்ள ஸ்பைரோமெட்ரா முட்டை, தண்ணீருக்குள் போய் நீர்த்தெள்ளுக்குள் வளராமல் மனிதரைத் தொற்றாது. காட்டுப்பூனைகள் இருக்கும்வரை காட்டுக் குளங்களில் இந்த வட்டம் சுழன்றுகொண்டுதான் இருக்கும். கால்நடை வைத்தியரிடம் காட்டிப் பிராசிகுவாண்டெல் கொடுக்கலாம், ஆனால் எந்தப் புழுவுக்காக என்று சொல்லுங்கள். சாதாரண நாடாப்புழுவுக்குப் போதுமான அளவு இதற்குப் போதாது. வேட்டையில் மிஞ்சும் பச்சைக் கழிவை நாய்க்குப் போடும் வழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். மேலே சொன்ன நீர்க்கட்டி நோயில் நாயின் மலத்திலுள்ள முட்டையே நேராக மனிதருக்குத் தொற்றும் என்பதால், நாயைத் தொட்ட பிறகு பிள்ளைகள் கைகழுவுவது அவசியம்.

எங்கிருந்து வந்திருக்கும்?

உறுதியாகச் சொல்ல முடியாது. தொற்றியதற்கும் கட்டி தெரிவதற்கும் இடையில் மாதங்களும் வருடங்களும் போகலாம். உங்கள் கடிதத்தில் மூன்று வழிகள் தெரிகின்றன: பட்டியில் நிற்கும்போது மடுத்தண்ணீரை அப்படியே குடிப்பது, காட்டில் தணலில் சுட்ட பன்றி இறைச்சி, நெஞ்சுச்சளிக்கு என்று ஒருமுறை குடித்த உடும்பின் பச்சை இரத்தம். என் ஐமிச்சம் முதலாவதில்தான் கூடுதல். ஆவணி, புரட்டாசியில் குளம் வற்றி மடுவாக ஒடுங்கும்போது நீர்த்தெள்ளுகளும் கொஞ்சத் தண்ணீருக்குள் நெருங்கிவிடுகின்றன. அதே மடுவில்தான் மாடும் நாயும் காட்டுவிலங்கும் இறங்குகின்றன.

வீட்டுக் கிணற்றுக்குக் கட்டு இருக்கிறது, மழைவெள்ளம் உள்ளே வழிவதில்லை என்றால் அதில் அச்சம் குறைவு. கிணற்றுக்குள் தவளை இருப்பது மட்டும் காரணமாகாது, நாய் பூனை மலம் அடித்துக்கொண்டு வர வழி இருக்கிறதா என்பதே கேள்வி. நிலமட்டத்தில் தோண்டிய பூவலும் துரவும் அந்த வகையில் ஆபத்தானவை. குழாய்க்கிணற்று நீரிலும் ஊர்களில் விநியோகிக்கும் வடிகட்டிய குடிநீரிலும் இந்தப் பிரச்சினை இல்லை.

பட்டிக்குப் போகும்போது வீட்டுத் தண்ணீரைக் கானில் கொண்டுபோவதுதான் சுலபம். முடியாவிட்டால் மடுத்தண்ணீரை வடித்துக் கொதிக்க வைக்கட்டும். வடிப்பதற்குப் பழைய பருத்திச் சேலையோ வேட்டியோ நல்லது. பலமுறை துவைத்ததில் நூல் பருத்துத் துளைகள் சிறுத்திருக்கும். எட்டு மடிப்பாவது இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் மேலே இருக்கும்படி ஒரு மூலையில் முடிச்சுப் போட்டு அடையாளம் வையுங்கள். மாற்றிப் பிடித்தால் முன்பு தங்கிய நீர்த்தெள்ளு தண்ணீருக்குள் போய்விடும். இந்தியாவில் நரம்புச்சிலந்தி நோயை ஒழித்ததில் இப்படித் துணியில் வடிப்பதற்குப் பெரும் பங்குண்டு, அந்த நோயையும் இதே நீர்த்தெள்ளுதான் காவியது. வடித்த பின் குமிழி வந்து தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். குளோரின் குளிசையை மட்டும் நம்ப வேண்டாம், வழமையான அளவில் அது கிருமிகளைக் கொன்றாலும் நீர்த்தெள்ளு தாக்குப்பிடிக்கும்.

இறைச்சியைச் சிறு துண்டாக்கி, நடுவில் சிவப்பே இல்லாமல் குழம்பில் வேகவைத்தால் புழு செத்துவிடும். தணலில் சுட்டால் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும், பிழை நடப்பது அங்கேதான். உடும்பு இரத்தம் எந்த நெஞ்சு நோயையும் மாற்றாது, உடும்பு சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட உயிருங்கூட. பிள்ளைகள் மடுத்தண்ணீரும் பச்சை இறைச்சியும் தொடாதவர்கள் என்றால் அவர்களுக்கு எந்தப் பரிசோதனையும் வேண்டாம். நகரும் கட்டி ஏதும் தெரிந்தால் மட்டும் காட்டுங்கள்.

முறைப்பாடு பற்றி

புழு அறுந்தது கவனக்குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை. இந்த நோயில் கட்டியை வெட்டித் திறக்கும்வரை உள்ளே புழு இருப்பது பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. சாதாரணக் கட்டி என்று நினைத்துத் திறந்தவர் கையில் புழு அகப்பட்டால் அறுவது நடக்கக்கூடியதே. துண்டை எறியாமல் ஆய்வுகூடத்துக்கு அனுப்பினாரே, அதனால்தான் உங்களுக்கு நோயின் பெயரே தெரிந்தது. ஆனால் அறுந்ததையும், மறுபடி வரலாம் என்பதையும் உங்களிடம் சொல்லாமல் அனுப்பியது குறைதான். விளக்கம் கேட்கும் உரிமை உங்கள் கணவருக்கு உண்டு. நோய்நிர்ணய அட்டையின் பிரதி, ஆய்வுகூட அறிக்கையின் பிரதி, சத்திரசிகிச்சைக் குறிப்பின் விவரம் ஆகியவற்றை வைத்திய அத்தியட்சகருக்கு எழுத்தில் விண்ணப்பித்துக் கேளுங்கள். வேறொரு நிபுணரிடம் இரண்டாவது கருத்துக் கேட்கவும் உங்களுக்குத் தடையில்லை. கிளிநொச்சி, வவுனியா மாவட்ட வைத்தியசாலைகளுக்கோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ கடிதம் பெற்றுப் போகலாம், அரச வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் கிடையாது. விளக்கமும் பிரதியும் மறுக்கப்பட்டால் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு எழுதுங்கள். அறுந்ததற்காக மட்டும் எழுதினால் உங்கள் நேரம்தான் வீணாகும்.

இரண்டாவது சத்திரசிகிச்சை என்று முடிவானால், கையொப்பம் வைக்கும் முன் மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். வெட்டும் நாளில் ஸ்கேன் செய்து குறிப்பீர்களா? புழுவைச் சுற்றியுள்ள தசையோடு எடுப்பீர்களா? எடுத்ததில் தலைப்பகுதி இருக்கிறதா என்று தேடும்படி ஆய்வுகூடப் படிவத்தில் எழுதுவீர்களா?